சளிக் காய்ச்சலும் கைவைத்தியமும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

ஐப்பசி மாதத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தடுமனும் கூடவே வந்துவிடுகிறது. மூக்கு ஒழுகுகிறது; தொண்டை கரகரக்கிறது; இரண்டு நாளில் இருமலும் சேர்ந்துகொள்கிறது. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டையானாலும் சரி, சென்னை மாநகரமானாலும் சரி, அந்த நாட்களில் வீட்டில் முதலில் திறக்கப்படுவது அஞ்சறைப் பெட்டிதான். சுக்கைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கிறார்கள். நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து வேது பிடிக்கிறார்கள். நெற்றியில் பற்றுப் போடுகிறார்கள். இராத்திரி படுக்கப் போகும்போது மஞ்சளும் மிளகும் போட்ட பால் கொடுக்கிறார்கள்.

மழைக்காலத்தில் இந்நோய் மிகுவது வெறும் நம்பிக்கையன்று. இந்தியாவின் பல நகரங்களில் இன்புளுவென்சாக் காய்ச்சலை ஆண்டு முழுவதும் கண்காணித்தபோது, காஷ்மீரத்தில் அது குளிர்காலத்திலும், வட இந்தியாவின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், சென்னை, வேலூர் பகுதிகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் உச்சத்தை அடைவது தெரியவந்தது.

சரி, இந்தக் கைவைத்தியங்களால் பயன் உண்டா? ‘எல்லா நோய்க்கும் மருந்து அடுப்படியில் இருக்கிறது’ என்பார் ஒருவர். ‘எல்லாம் பழங்காலத்து மூடநம்பிக்கை’ என்பார் மற்றொருவர். இவ்விரண்டில் எது உண்மை என்று அறிய, கடந்த நூறு ஆண்டுகளில் நம் நாட்டைத் தாக்கிய பெருங் காய்ச்சல்களின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இரு வேறு நோய்கள்

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். சாதாரணத் தடுமன் வேறு, இன்புளுவென்சா வேறு. தடுமனை உண்டாக்கும் வைரசுகள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ரைனோ வைரசு என்னும் வகையே மிகுதி. இந்நோய் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே விலகிவிடும். ‘மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்’ என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வது இதனால்தான்.

இன்புளுவென்சா அப்படிப்பட்டதன்று. கடுங் காய்ச்சல், உடல் வலி, தலைவலி, எழுந்து நிற்க முடியாத அசதி ஆகியவற்றோடு திடீரென்று தாக்கும். பலருக்குக் குணமாகிவிடும் என்றாலும், சிலருக்கு நுரையீரல் அழற்சியாக மாறி உயிரைப் பறித்துவிடும்.

தானாகவே குணமாகும் நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது பலித்ததாகவே தோன்றும். ஐந்தாம் நாள் கஷாயம் குடித்தவருக்கு ஏழாம் நாள் சளி நின்றால், புகழ் கஷாயத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே தடுமனை வைத்து ஒரு மருந்தின் வலிமையை அளக்க முடியாது. கடுமையான நோய் வரும்போதுதான் உண்மையான சோதனை. அத்தகைய சோதனை 1918ஆம் ஆண்டில் வந்தது.

1918: மருந்தில்லாத காய்ச்சல்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் ஒரு புதிய காய்ச்சல் தலைகாட்டியது. முதல் அலை அவ்வளவு கொடுமையாக இல்லை. ஆனால் செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை இரயில் பாதைகளின் வழியே நாடெங்கும் பரவியது. அக்டோபரில் அது சென்னை மாகாணத்தையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறியிருந்தது. மருத்துவர்களில் பலர் போர்முனைக்குச் சென்றிருந்தனர்.

இந்தியாவில் இந்நோய்க்குப் பலியானோர் 1 கோடியே 20 லட்சத்துக்கும் 1 கோடியே 80 லட்சத்துக்கும் இடையே இருக்கலாம் என்று பெரும்பாலான மதிப்பீடுகள் கூறுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவின் மக்கள் தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-1921 ஆகும். பம்பாய் மாகாணத்தோடும் மத்திய மாகாணங்களோடும் ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் குறைவே. ஆயினும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் துயரத்தில் ஆழ்ந்தன.

அன்று மேனாட்டு மருத்துவத்தின் கையில் என்ன இருந்தது? கொயினா இருந்தது, அது மலேரியாவுக்கு மருந்தேயன்றி இன்புளுவென்சாவுக்கு அன்று. ஆஸ்பிரின் இருந்தது, அது காய்ச்சலைத் தணிக்கும். ஆனால் அமெரிக்காவில் நாளொன்றுக்கு 8 கிராம் முதல் 31 கிராம் வரை ஆஸ்பிரின் கொடுக்கும்படி அப்போது பரிந்துரைத்தார்கள். இன்று ஒரு நாளைய உச்ச அளவாகக் கொள்ளப்படுவது 4 கிராம்தான். அன்றைய இறப்புகளில் ஒரு பகுதிக்கு இந்த மிகை அளவே காரணமாக இருக்கலாம் என்று 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது.

சுக்கும் திப்பிலியும் அந்தப் பெருங் காய்ச்சலை நிறுத்தினவா என்றால், இல்லை. கஷாயம் காலம் காலமாகப் புழங்கிவந்த நாட்டில்தான் அத்தனை பேர் மாண்டனர். ஆனால் வீட்டுப் பராமரிப்பு வீண் என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் தண்ணீர் மொண்டு கொடுக்கவும், கஞ்சி காய்ச்சி ஊட்டவும் ஆளில்லை. பிழைத்திருக்கக்கூடியவர் பலர் இதனாலும் இறந்தனர். மருந்தில்லாத நோயில் தண்ணீர், உப்பிட்ட கஞ்சி, ஓய்வு, உடனிருந்து கவனிக்கும் ஒருவர் ஆகியவையே மருந்து.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் மறக்கலாகாது. 1918இல் இந்தியாவில் இளம் வயதினரே மிகுதியாக மாண்டனர். அவர்களிலும் ஆண்களைவிடப் பெண்களின் இறப்பு விகிதம் அதிகம். உணவு போதாமை ஒரு காரணம். நோயாளிகளின் அருகிலேயே இருந்து பணிவிடை செய்ததும், தங்களுக்கே காய்ச்சல் கண்டபோது படுக்க முடியாமல் வேலை செய்ததும் மற்ற காரணங்கள். கைவைத்தியம் என்று நாம் எளிதாகச் சொல்வது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. அந்த உழைப்புக்கு அன்று கொடுக்கப்பட்ட விலை உயிர்.

சென்னை அரசின் விசாரணை

நாட்டு மருந்துகளில் உண்மை எவ்வளவு என்ற கேள்வி அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் சூடு பிடித்தது. 1918இல் சென்னை அரசு டாக்டர் எம். சி. கோமன் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராய நியமித்தது. அவர் பல மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். சில மருந்துகள் பயனுள்ளவை என்று கண்டாலும், நாட்டு வைத்தியத்தின் கோட்பாடுகளைக் கடுமையாகக் குறை கூறினார். வைத்தியர்கள் இதை எதிர்த்தனர். ‘ஒரு மருந்தை அதன் வைத்திய முறையிலிருந்து பிரித்தெடுத்துச் சோதிப்பது முறையாகாது’ என்பது அவர்களின் வாதம்.

பின்னர் 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது வைத்தியர்களுக்கு வினாக்களை அனுப்பி, தமிழ் உட்படப் பல மொழிகளில் விடைகளைப் பெற்று, 1923இல் அறிக்கை அளித்தது. இதன் பயனாக 1920களின் நடுவில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. குழுவின் செயலாளராக இருந்த கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் முதல் தலைவரானார்.

கோமன் எழுப்பிய கேள்விக்கும் வைத்தியர்கள் எழுப்பிய கேள்விக்கும் அன்று எவராலும் முழு விடை சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. இன்புளுவென்சாவை உண்டாக்குவது எது என்பதே அப்போது தெரியாது.

ரஜூலா கப்பலும் குன்னூர் ஆய்வகமும்

1892இல் ஜெர்மானிய அறிஞர் பைஃபர் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இதுவே இன்புளுவென்சாவின் காரணம் என்றார். அது தவறு என்று பின்னர் தெரிந்தது. 1933இல் இங்கிலாந்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசை ஃபெரட் என்னும் சிறு விலங்குகளின் துணையால் பிரித்தெடுத்தனர்.

அடுத்த பெருந்தொற்று 1957இல் வந்தபோது உலகம் ஓரளவு ஆயத்தமாக இருந்தது. ஆசியக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற இந்நோய் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் எது தெரியுமா? நமது சென்னைத் துறைமுகமே! சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை ஆகிய ஊர்களை இணைத்து ஓடிய ரஜூலா என்ற கப்பலைத் தமிழர் பலரும் அறிவர். மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்களை ஏற்றிச் சென்றதும் இதுவே. திரும்பக் கொண்டுவந்ததும் இதுவே. 1957 மே மாத நடுவில் அது சிங்கப்பூரிலிருந்து காய்ச்சல் கண்ட பயணிகளுடன் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சில வாரங்களில் நோய் நாடெங்கும் பரவிவிட்டது.

நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளுவென்சா மையம் இவ்வைரசைப் பிரித்து ஆராய்ந்தது. அதன் தலைவர் டாக்டர் ஐ. ஜி. கே. மேனன் நோய் பரவிய வரலாற்றை விரிவாக எழுதிவைத்தார். 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். பதிவான இறப்புகள் சுமார் 1,100. பதிவுக்கு வராதவை இன்னும் பல இருந்திருக்கும். ஆயினும் 1918ஐ நினைத்தால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? இரண்டு காரணங்களை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று, 1957இன் வைரசு அவ்வளவு கொடியதன்று. மற்றொன்று, பெனிசிலின் முதலிய மருந்துகள் கைக்கு வந்திருந்தன. 1918இல் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது வைரசைத் தொடர்ந்து நுரையீரலில் புகுந்த பாக்டீரியாக்களே. அவற்றைக் கொல்லும் ஆற்றல் எந்தக் கஷாயத்துக்கும் இருக்கவில்லை, பெனிசிலினுக்கு இருந்தது.

அஞ்சறைப் பெட்டியில் உள்ள இரசாயனம்

அப்படியானால் அஞ்சறைப் பெட்டியை மூடிவிடலாமா? வேண்டாம். அதன் பொருள்களை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது சுவையான செய்திகள் கிடைத்துள்ளன.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே இப்பெயர் உண்டு என்பதிலிருந்து இதன் பழமையை அறியலாம். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருளை டென்மார்க் அறிஞர் எர்ஸ்டெட் 1819இலேயே பிரித்தெடுத்தார். இக்காரம் நம் நாவில் ஏன் சுடுகிறது? சூட்டை உணரும் ஓர் ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. மிளகாயின் காரமும் மிளகின் காரமும் இஞ்சியின் காரமும் இதே ஏற்பியைத்தான் தூண்டுகின்றன. தூண்டப்பட்டதும் கண்ணிலும் மூக்கிலும் நீர் சுரக்கிறது. கெட்டிச் சளி இளகுகிறது. மிளகு ரசம் குடித்ததும் மூக்குத் திறந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். தைலத்தில் உள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் மற்றோர் ஏற்பியைத் தூண்டுகிறது. உண்மையில் மூக்கடைப்பு குறைவதில்லை. காற்று தாராளமாகச் செல்வதுபோன்ற உணர்வே உண்டாகிறது. ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

சூடான பானம் பற்றியும் ஒரு சோதனை நடந்தது. 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், சளி பிடித்தவர்களுக்கு ஒரே பழ பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்குச் சாதாரண வெப்பநிலையிலும் கொடுத்தனர். கருவியால் அளந்தபோது மூக்கின் காற்றோட்டத்தில் மாற்றம் இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்கு இருமல், தொண்டைவலி, குளிர் நடுக்கம், சோர்வு ஆகியவை உடனே தணிந்தன. சுக்குக் காப்பி தரும் இதம் பொய்யன்று. ஆனால் அது இதமே தவிர நோய் நீக்கம் அன்று.

இவற்றிலெல்லாம் பெரிய வியப்பு ஆடாதோடைதான். ஆடு தொடாத இலை என்பதால் வேலியாக வைக்கப்படும் இச்செடியின் இலைச்சாற்றை இருமலுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டு வேதியியலார் உருவாக்கிய மருந்தே புரோம்ஹெக்சின். 1960களில் விற்பனைக்கு வந்த இதுவும், இதிலிருந்து கிடைத்த ஆம்ப்ராக்சாலும் இன்றும் சளி இளக்கும் மருந்துகளாகக் கடைகளில் விற்கப்படுகின்றன.

தேன் இரவு இருமலைத் தணிக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கலாம்.

மஞ்சள் பாலில் மிளகைச் சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது. பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், பைப்பரினுடன் சேர்த்துக் கொடுத்தபோது அது இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு ஆயிற்று. இதனால் சளி குணமாகிவிடும் என்று பொருளல்ல. இரண்டையும் சேர்த்தவர்களின் பழக்கத்தில் ஓர் அர்த்தம் இருந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

வேது பிடிப்பதற்குத்தான் ஆய்வாளர் சான்றிதழ் கிடைக்கவில்லை. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆவியால் நோய் விரைவில் குணமாகிறது என்பது உறுதிப்படவில்லை. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ உறுதியான உண்மை.

மண்சட்டியில் ஏன்?

கஷாயத்தை மண்சட்டியில்தான் காய்ச்ச வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். கடுக்காய் போன்ற சரக்குகளில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது இரும்புடன் சேர்ந்தால் கறுத்துவிடும். பழைய காலத்து எழுதும் மையே இவ்வாறு செய்யப்பட்டதுதான். புளிப்பு கலந்தால் செம்பும் பித்தளையும் கரையும். நான்கில் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்கும்போது உலோகப் பாத்திரத்தில் இது கூடுதலாக நிகழும். சுட்ட மண்ணோ எளிதில் எதனுடனும் வினைபுரியாது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்குப் பயன்பட்டு வந்துள்ளது. அந்தப் பீங்கானுக்கும் இக்குணம் உண்டு. கஷாயத்தை ஆற்றிக் குடிக்க அது நல்ல பாத்திரம்.

நிலவேம்பும் கபசுரமும்

நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த விவாதம் நம் காலத்திலும் திரும்ப வந்தது. 2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. இது நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு முதலிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. 2020இல் கொரோனா பரவியபோது, ஆடாதோடை, திப்பிலி, சீந்தில் உள்ளிட்ட பதினைந்து சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீர் ஊர்தோறும் வழங்கப்பட்டது.

இவற்றைப் பற்றிச் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும், குடித்தவருக்குத் தொற்று வராது என்றோ, குடித்தால் இறப்பு நேராது என்றோ உறுதியாகக் காட்டும் பெரிய சான்று கிடைக்கவில்லை. ‘குடித்துவிட்டேன், இனிப் பயமில்லை’ என்று கூட்டத்தில் சென்றவருக்கும், மூச்சுத் திணறிய பிறகும் கஷாயத்தையே நம்பி வீட்டில் இருந்தவருக்கும் தீங்கு நேர்ந்திருக்கும். தீங்கு சரக்கில் இல்லை; அதன் மீது வைத்த அளவு கடந்த நம்பிக்கையில் இருக்கிறது.

எல்லை எது?

ஆகவே இரு கட்சியினரின் கூற்றும் முழு உண்மையன்று. நல்ல கைவைத்தியம் நோயாளிக்கு இதம் தருகிறது; நீரும் உணவும் உள்ளே போக உதவுகிறது; உடல் தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிக்கிறது. வைரசைக் கொல்வதோ நுரையீரல் அழற்சியைத் தீர்ப்பதோ அதன் வேலை அன்று. இந்த எல்லையை அறிந்து வைத்திருந்தால் உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காக்கலாம்.

மாணவர்களும் செய்யக்கூடிய ஓர் எளிய சோதனையைச் சொல்கிறோம். சளி பிடித்த குழந்தை அமைதியாக இருக்கும்போது, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தையானால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார அமைப்பு வகுத்த கணக்கு இது. அப்போது கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு விடும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் அவ்வாறே. பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நினைவு தடுமாற்றம், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவை அபாய அறிகுறிகள்.

கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். கற்பூரத்தை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். சிறுவர்களின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது. முதியவர்களும், கர்ப்பிணிகளும், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களும் ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மழை தொடங்குவதற்கு முந்திய மாதங்களே அதற்கு ஏற்ற காலம்.

இன்னும் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் கஷாயம் வைத்துக் கொடுக்கும் தாய்க்குக் காய்ச்சல் வந்தால், அவர் படுத்து ஓய்வெடுக்க விடுங்கள். அடுப்படிக்கு நீங்கள் செல்லுங்கள். கஞ்சி காய்ச்சுவது கடினமான வேலை அன்று.